பஸ் போனால் ஸ்டாண்ட்: மூன்றாம் வகுப்பு நாட்குறிப்பு

ஜூலை 8, திங்கள்

குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் காலையிலிருந்தே சாரல். பதினாறு பேர் வந்திருந்தார்கள். ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்யொலிகள் சேர்ந்து வருவதை இன்றுதான் ஆரம்பித்தேன். ஸ்டாப், ப்ளேட், க்ளாப், ட்ரீ. பிள்ளைகளுக்கு எழுத்துகள் தனித்தனியாகத் தெரியும். 'டாப்' என்று எழுதினால் வாசிக்கிறார்கள். அதன் முன்னால் ஓர் எஸ் போட்டதும் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் "இஸ்டாப்" என்றார்கள், மீதிப் பேர் எஸ்ஸைக் கண்டுகொள்ளாமல் "டாப்" என்றே வாசித்தார்கள். 'ப்ளேட்' எல்லோர் வாயிலும் 'பிளேட்'தான்.

கடைசி பெஞ்சுப் பையன் கறுப்பு நிறத்துக்கான ஆங்கிலச் சொல்லை சிலேட்டில் எழுதினான். பி, ஐ, எல் என்று தொடங்கியிருந்தான். நடுவில் இருந்த ஐ-யை அழிக்கச் சொன்னேன். அழித்தான். மறுபடி எழுதச் சொன்னபோது அதே ஐ அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. அவனுக்கு அது கேட்கிறது. கேட்பதைத்தானே எழுதுவான்?

ஜூலை 9, செவ்வாய்

மதியம் சோறு உண்ணும்போது இதைச் சொன்னேன். "நாக்கு தடிச்ச பிள்ளைகள், அது திருந்தாது" என்றார் உடன் வேலை பார்க்கும் ஒருவர். சோறு இறங்கவில்லை.

நாக்கில் ஒரு குறையும் இல்லை. உயிரும் உயிர்மெய்யும்தான் சொல்லுக்கு முதலில் வரும், புள்ளி வைத்த எழுத்து வராது என்று தொல்காப்பியமே சொல்கிறது. வெளியிலிருந்து வந்த சொற்களை எல்லாம் தமிழ் இந்த ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே விட்டது. 'ஸ்நேகம்' சிநேகமானது, 'த்யாகம்' தியாகமானது. 'ஸ்தானம்' முதல் மெய்யை வெளியிலேயே விட்டுவிட்டுத் தானமாக வந்தது. இடையில் ஓர் உயிரைச் செருகுவது, முன்னால் ஓர் இகரத்தை வைப்பது, ஒரு மெய்யை உதறுவது என்று என் வகுப்பில் நேற்று நடந்த மூன்றும் மொழி நெடுங்காலமாகச் செய்து வருவதுதான். எட்டு வயதுப் பிள்ளை தன் மொழியின் விதியை யாரும் சொல்லித்தராமலே பிடித்து வைத்திருக்கிறது. அதற்குப் பெயர் தடித்த நாக்கா?

இன்னொன்றும் தோன்றியது. மெய்யெழுத்தை நாம் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம்? இக், இங், இச், இஞ். அப்படியானால் ஸ் என்பது அவர்களுக்கு 'இஸ்' தான். இஸ், கூல். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

என் வாயை நானே கவனித்தேன். பி எழுத்துக்கு என்ன ஒலி என்று கேட்டுவிட்டு நானே "ப" என்கிறேன், எல்லுக்கு "ல" என்கிறேன். பிறகு ப, ல, சேர்த்துச் சொல் என்றால் பிள்ளை 'பலாக்' என்றோ 'பிலாக்' என்றோதான் சொல்லும். அந்த உயிரை உள்ளே வைத்துத் தைத்தது நான். இத்தனை வருடம் இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன், அதுவும் புள்ளி என்ற ஒன்றைக் கையில் வைத்திருக்கிற மொழிக்காரி.

கரும்பலகையில் பி எழுத்தின் தலைக்கு மேல் தமிழ்ப் புள்ளி வைத்தேன். "இது 'ப' இல்ல மக்களே, ப்." உதடு மூட வேண்டும், பின்னால் 'அ' வரக் கூடாது. புரிந்துகொண்டார்கள்.

வரிசையையும் மாற்றுகிறேன். ஸ், ஃப் இரண்டையும் மூச்சு இருக்கும் வரை இழுத்துக்கொண்டே போகலாம். ப், க், ட் அப்படி இல்லை, வெடித்து முடிந்துவிடும். இழுக்க முடிகிறதோடு தொடங்கினால் இடையில் உயிர் நுழைய இடமிருக்காது. ஸ்ஸ்ஸ்லிப், ஸ்ஸ்ஸ்மைல், ஃப்ஃப்ஃப்லாக். பாம்பு மாதிரிச் சீறிக்கொண்டே பெஞ்சைச் சுற்றி வந்தார்கள்.

ஜூலை 16, செவ்வாய்

இன்று ஒன்று கிடைத்தது. கை கழுவும் இடத்தில் ஒரு சின்னவள் கூட்டாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், "நேத்து மார்த்தாண்டம் பஸ்டாண்டுல வச்சு எங்க மாமனைக் கண்டேன்." காலையில் 'ஸ்டாண்ட்' என்ற சொல்லை "டாண்டு" என்று வாசித்தவள் அவள். இப்போது அந்த ஸ்-உம் ட்-உம் ஒட்டிக்கொண்டு, நடுவில் ஒன்றுமில்லாமல், அவ்வளவு சுத்தமாக வந்தது.

நம் மொழி தடுப்பது சொல்லின் தலையில்தான். நடுவில் தாராளம். ஏன், மார்த்தாண்டம் என்ற பெயரிலேயே ர்-உம் த்-உம் தொடர்ந்து வந்து, அதன் பிறகுதான் தா வருகிறது. பார்த்தான், வாழ்க்கை எல்லாம் அப்படித்தான். ஈரொற்று மெய்ம்மயக்கம் என்று படித்ததெல்லாம் பரீட்சையோடு போயிற்று என்று நினைத்திருந்தேன்.

மதியத்துக்கு மேல் புத்தகத்தை மூடி வைத்தேன். எல்லோரும் "பஸ்டாண்ட்" சொன்னார்கள். அடுத்த முறை ப-வை முணுமுணுக்க வேண்டும். அடுத்த முறை ப-வுக்கு உதடு மட்டும் அசையலாம், சத்தம் வரக் கூடாது. அதற்கடுத்த முறை உதடும் அசையாமல் ஸ்ஸ்-இல் தொடங்க வேண்டும். ஸ்ஸ்டாண்ட்! பதினாறு பேரில் பதின்மூன்று பேருக்கு நான்காவது முறையில் வந்துவிட்டது. மூன்று பேருக்கு இகரம் இன்னும் முன்னால் நிற்கிறது.

பிறகு சொல் வேட்டை. 'பெட்ரோல்' என்பதில் பெ போனால் மிச்சம் 'ட்ரோல்', அதே வாயோடு ட்ரீ, ட்ரெயின். எக்லேர்ஸ் மிட்டாயில் எ-வை எடுத்தால் க்லாஸ், க்லாப். சுப்ரமணியத்தில் சு-வை எடுத்தால் ப்ரஷ், ப்ரெட். ப்ள-வுக்கு 'அப்ளம்' என்ற பேச்சு வழக்கு நல்ல சொல்லாக இருந்திருக்கும், ஆனால் இங்கே அது பப்படம். 'பப்ளிக்' வைத்துச் சமாளித்தேன்.

ஜூலை 18, வியாழன்

வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். மற்றவர்கள் பிலாவு என்கிற சக்கை மரத்தை, அதாவது பலா மரத்தை, அவள் அம்மச்சி ப்லாவு என்பாராம். மலையாளத்தில் அந்த இரண்டு மெய்யும் கூட்டெழுத்தாகச் சொல்லின் தலையிலேயே நிற்கும். இவளுக்கு 'ப்ளேட்' முதல் நாளே வந்திருக்க வேண்டும். கூச்சத்தில் மற்றவர்களோடு சேர்ந்து 'பிளேட்' என்றிருக்கிறாள். இன்று அவளை முன்னால் நிறுத்தி "ப்லாவு" சொல்ல வைத்தேன். வகுப்பு முழுவதும் அவள் வாயைப் பார்த்துச் சொன்னது.

ஜூலை 24, புதன்

ரப்பர் காய் வெடிக்கும் காலம். கொட்டை பொறுக்கிக்கொண்டு வரச் சொன்னேன், சட்டைப் பை நிறையக் கொண்டுவந்தார்கள். எல்கோனின் என்ற சோவியத் உளவியலாளர் வகுத்த முறை ஒன்று உண்டு. கட்டம் வரைந்து, ஒலி ஒன்றுக்கு ஒரு வில்லையை நகர்த்துவது. எங்களுக்கு வில்லைக்குப் பதில் ரப்பர் கொட்டை.

'லிப்' மூன்று கொட்டை. 'ஸ்லிப்' நான்கு. 'ஸ்டாப்' என்பதற்கு இரண்டு பேர் மூன்றுதான் வைத்தார்கள். நோட்டில் அவர்கள் எழுதியதைப் பார்த்தேன், எஸ்ஸுக்கு அடுத்து வர வேண்டிய டி இல்லை. கூட்டில் இரண்டாவதாக நிற்கும் மெய் இப்படி மறைந்துவிடும், எழுதும்போதுதான் தெரியவரும்.

கடைசி பெஞ்சுப் பையன் 'ப்ளாக்' என்பதற்கு ஐந்து கொட்டை வைத்தான். ப், இ, ள், ஆ, க். நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துப் பெண் நான்கு வைத்திருந்ததைப் பார்த்தான். உதட்டை அசைத்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். இரண்டாவது கொட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஜூலை 26, வெள்ளி

அவனுடைய அம்மா வந்தார். விடியும் முன் ரப்பர் பால் வெட்டப் போய், அதை ஷீட்டாக அடித்துவிட்டு நேராக வந்திருக்கிறார், கையில் பால் மணம். "அவன் இஸ்கூல்னு சொல்லுகான், எல்லாரும் சிரிக்கினும். வாய் திருந்துமா டீச்சர்?"

வீட்டில் இஸ்கூல் என்றே சொல்லட்டும், அது நம் பேச்சு, யாரும் சிரிக்க அதில் ஒன்றுமில்லை என்றேன். இங்கிலீஷ் வாசிக்கும்போது மட்டும் அந்த உயிர் பொருளையே மாற்றிவிடும். 'ப்ளோ' என்றால் ஊது, இடையில் உயிர் வந்து 'பிலோ' ஆனால் கீழே. அதற்காகத்தான் இந்தப் பாடு. தலையாட்டினார். அவர் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை.

ஜூலை 31, புதன்

ஷிப், சிப். எஸ்-எச், சி-எச் சேர்ந்தால் ஒரே ஒலி, ஒரே கொட்டை. எழுத்து இரண்டு என்பதால் இரண்டு வைக்கிறார்கள். இதை இன்னும் இரண்டு வாரம் தள்ளி வைத்திருக்கலாம். அவசரப்பட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மூன்று மெய் கூடி வருவதை நாளை தொடங்கலாம் என்று இருந்தேன். ஸ்ப்ரே, ஸ்க்ரூ, ஸ்ட்ரா. இவற்றை நடுவில் ஒளித்து வைத்திருக்கும் சொல் ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சத்துணவு வரிசையில் நின்றுகொண்டே பெரிய பிள்ளைகளிடம்கூடக் கேட்டுப் பார்த்தேன்.

மாலை மணி அடித்த பிறகு கடைசி பெஞ்சுப் பையன் மைதானத்திலிருந்து ஓடி வந்தான். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவன், மட்டையைக்கூடக் கீழே போடவில்லை.

"டீச்சர், எக்ஸ்ட்ரா! அந்த எக்-கை எடுத்துப் பாருங்க."