மடிக்கணினி வாங்கும்போது கேட்க வேண்டியவை

கல்லூரியில் சேரவிருக்கும் அக்கா மகளுக்காக மடிக்கணினி தேடியபோது, "ஐ5 போதும், ரைசன் 5 போதும்" என்றே எல்லாக் கடைகளிலும் சொன்னார்கள். இவை கணினியின் மூளையான பிராசசரின் பெயர்கள். அந்தப் பெயரை மட்டும் நம்பி வாங்கிவிட முடியாது. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை போலத் தோன்றினாலும், முன்னது 2019இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பில் 4 கோர்களையும் (கணக்கிடும் அலகுகள்), பின்னது ஜென் 3 வடிவமைப்பில் 6 கோர்களையும் கொண்டது. எண்ணின் மூன்றாம் இலக்கம்தான் இந்த வடிவமைப்பு வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கிறது. விற்பனையாளர்கள் இதைத் தாமாகச் சொல்வது அபூர்வம்.

அடுத்தது ராம், அதாவது திறந்திருக்கும் செயலிகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம். விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபிதான் என்றாலும், பிரவுசரில் பல பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டே இணைய வகுப்பிலும் அமரும் மாணவிக்கு 8 ஜிபியே திணறும் என்பதால், 16 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பேன். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். காலி ஸ்லாட்டும் இல்லையென்றால் பிறகு கூட்டவே முடியாது. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி அப்படியன்று, பெரும்பாலான மாடல்களில் பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் 512 ஜிபியுடன் தொடங்கலாம்.

திரையைப் பலரும் கவனிப்பதில்லை. ஒளிர்வு 250 நிட்ஸ், காட்டக்கூடிய நிறங்களின் அளவு 45 சதவீத என்டிஎஸ்சி என்றிருந்தால் நிறங்கள் வெளிறித் தெரியும். ஜன்னலோரம் அமர்ந்து படிப்பதும் சிரமம். கேம் விளையாடாதவருக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு வீண்செலவு. அந்தப் பணத்தை நல்ல திரைக்குச் செலவிடலாம்.