திங்கள், புதன், வெள்ளி

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய்க்கு ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து சொந்தக்காரர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இப்பப் பரவாயில்லையா?" அக்கறையாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் காய்ச்சலுக்குப் போடும் ஊசி வேறு, இது வேறு. போட்டால் உடம்பில் எதுவும் தேறினதாகத் தெரியாது. இந்த நோயின் அடுத்த அட்டாக் வராமல் தடுக்கத்தான் இது. வராத அட்டாக்கை யாரிடம் எப்படிக் காட்டுவது?

எனக்கு இருப்பது விட்டு விட்டு வரும் வகை எம்.எஸ். நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரிக்கிற நோய். முதலில் வலது கண் மங்கியது. ஆபீஸில் சிவப்பு மையில் போட்ட டிக் எல்லாம் வெளிறித் தெரிந்தது, கண்ணை அசைத்தால் வலித்தது. ஸ்டீராய்டு டிரிப் ஏற்றியதில் பார்வை திரும்பியது. அடுத்து கால் மரத்துப்போனது. எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைப் புள்ளிகள். அப்புறம்தான் இந்த ஊசி: கிளாட்டிராமர் அசிடேட், 40 மில்லிகிராம், வாரத்தில் மூன்று நாள். இதைவிட வலுவான மருந்துகள் இருக்கின்றன, மாத்திரைகளும் உண்டு. எங்களுக்குக் குழந்தை வேண்டும் என்பதால் டாக்டர் இதைச் சொன்னார்.

இந்த மருந்து வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1960களில் இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் நிலையத்தில் மைக்கேல் செலா, ரூத் அர்னான், ட்வோரா டைட்டல்பாம் மூவரும் நான்கே அமினோ அமிலங்களைக் கோத்து, மயலினில் உள்ள ஒரு புரதத்தின் சாயலில் ஒன்றைச் செய்தார்கள். விலங்குகளுக்கு எம்.எஸ். மாதிரியான நோயை வரவழைத்து ஆராய்வதுதான் நோக்கம். நோய் வரவில்லை. வரவேண்டிய நோயைக்கூட அது தடுத்தது! 1996 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முந்தைய வருஷம் வெளியான சோதனையில் அட்டாக்குகள் 29 சதவீதம் குறைந்திருந்தன. மரத்த காலை இழுத்துக்கொண்டு படி ஏறினவளுக்கு அது பெரிய எண்.

சாப்பிட உட்காரும் முன் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு சிரிஞ்சை எடுத்து மேஜையில் வைத்துவிடுவேன். 20 நிமிஷமாவது வெளியே இருந்து குளிர்ச்சி போக வேண்டும். தொடை, வயிறு, இடுப்பு, மேல்கை என்று இடம் மாற்றிக்கொண்டே வரவேண்டும். ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கு அடியில் கொழுப்பு கரைந்து குழி விழும், அது நிரம்பாமலே போகலாம். மேல்கையின் பின்பக்கம் அம்மாவின் பொறுப்பு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய தடிப்பை விரலால் தடவிப் பார்ப்பார். "இங்க இன்னும் கல்லாட்ட இருக்குது கண்ணு, கொஞ்சம் தள்ளிக் குத்தறேன்." ஊசி ஏறுவது அவ்வளவாக வலிக்காது. மருந்து உள்ளே போனபிறகுதான் எரியும்.

ஒரு தடவை ஊசி எடுத்த கையோடு முகம் சூடேறி, நெஞ்சு இறுகி, மூச்சு வாங்கியது. இப்படி வரலாம், சற்று நேரத்தில் தானாக அடங்கும் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார், அடங்கியது. ஆனால் இதே போல ஆரம்பித்து உயிருக்கு ஆபத்தான அலர்ஜியாகவும் மாறலாம், வருஷக்கணக்கில் போட்டவர்களுக்கும் வரலாம் என்று 2025 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அதனால் இந்த அறிகுறிகள் கூடிக்கொண்டே போனாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை கரண்ட்தான். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். முடியாதபோது 15 முதல் 30 டிகிரியில் ஒரு மாதம் வரை வெளியே வைக்கலாம் என்று பெட்டிக்குள் இருக்கும் தாள் சொல்கிறது. ஏப்ரலில் ஈரோட்டில் எந்த அறை 30 டிகிரியில் இருக்கிறது? மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்டை எடுத்தால் சாயந்திரம்தான் வரும். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜை யாரும் திறக்கக் கூடாது. ஃபிரீசரிலும் வைக்க முடியாது, உறைந்த மருந்தைத் தூக்கித்தான் போட வேண்டும். வெயில் என்னையும் விடாது. உடம்பு சூடேறினால் அந்த வலது கண் மறுபடி மங்கும், நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் தெளியும். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் டாக்டருக்குப் போன் செய்வேன்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதல் ஊசியை நர்ஸ் முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். காலி சிரிஞ்சைக் குப்பைப் பையில் போடாதீர்கள், துப்புரவுப் பணியாளர் கையில் குத்திவிடும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, மூடியை இறுக்கி, செக்கப்புக்குப் போகும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுகிறேன், கேட்டால் வாங்கிக்கொள்கிறார்கள்.