காலியாக இருக்கும் இடம் யாருடையது?

காரைக்குடியில் நாங்கள் வழக்கமாகச் செல்லும் தனியார் மருத்துவமனை ஒன்றில், நுழைவாயிலுக்கு மிக அருகே, நீல வண்ணத்தில் சக்கர நாற்காலிப் படம் வரைந்த கார் நிறுத்துமிடம் ஒன்று உண்டு. அதற்கு உரியவரின் வண்டி அங்கே நின்று நான் பார்த்தது அரிது. வயதானவரை இறக்கிவிட்டு மருந்துக்கடைக்குப் போனவரின் காரோ, உள்ளே சேர்க்கப்பட்டிருக்கும் உறவினரைப் பார்க்க வந்தவரின் காரோதான் பெரும்பாலும் அங்கே நிற்கும். அதை ஒட்டிச் சாய்கோடுகள் போட்டு விட்டிருக்கும் பகுதியில் பைக்குகள் வரிசையாக நிற்கும். என் அண்ணனுக்குச் சிறு வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையால் இயக்கும்படி மாற்றியமைத்த காரை அவரே ஓட்டுகிறார். அந்த நீல இடத்தைப் பற்றி எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்கு அவர்தான் காரணம்.

அந்த இடம் ஏன் அகலமாக இருக்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. சாதாரணக் கார் நிறுத்துமிடம் இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் கொண்டது. மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய இடம் 3.6 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்றும், முதன்மை நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் அமைய வேண்டும் என்றும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. கூடுதலாக விடப்படும் அந்த அகலம் சக்கர நாற்காலிக்கானது. அண்ணன் காரை நிறுத்தியதும் கதவை முழுவதுமாகத் திறந்து, பக்கத்து இருக்கையில் மடித்து வைத்திருக்கும் நாற்காலியை எடுத்து வெளியே விரித்து, அதைத் தம் இருக்கைக்கு இணையாக நிறுத்தி, அதன் பிரேக்கைப் பூட்டி, பிறகு இரு கைகளையும் ஊன்றி உடலைத் தூக்கி அதற்கு மாறுகிறார். ஒரு சின்னக் காரே ஒன்றேமுக்கால் மீட்டர் அகலம் இருக்கும் என்பதால், சாதாரண இடத்தின் நடுவில் அதை நிறுத்தினால் இரு பக்கமும் நாற்பது சென்டிமீட்டர் கூட மிஞ்சாது. நடக்கக் கூடியவர் உடம்பை ஒடுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். நாற்காலிக்கு அந்த இடைவெளி போதாது.

சாய்கோட்டுப் பகுதியில் பைக்கை நிறுத்துகிறவர், காருக்கு உரிய இடத்தைத் தாம் தொடவே இல்லை என்று உண்மையாகவே நம்புகிறார். ஆனால் விளைவு காரை நிறுத்துவதைவிட மோசமானது. இடம் பிடிக்கப்பட்டிருந்தால் அண்ணன் உள்ளே வர முடியாமல் திரும்பிப் போவார், அவ்வளவுதான். அவர் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரும்போது கதவோரம் ஒரு பைக் நின்றால், தம்முடைய காருக்குள்ளேயே அவரால் ஏற முடியாது. பைக்குக்காரர் வரும்வரை வெயிலில் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் முன்பின் தெரியாத யாரிடமாவது சாவியைக் கொடுத்து வண்டியை வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும். அந்தக் காரின் கைப்பிடிகள் மற்றவர்களுக்குப் பழக்கமில்லாதவை என்பதால் அவரோ அப்படிக் கொடுக்கத் தயங்குவார்.

கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "அஞ்சு நிமிசந்தாங்க, டாக்டரப் பாத்துட்டு வந்துர்றேன்." இன்னும் கொஞ்சம் வற்புறுத்தினால், "காலியாத்தானே கெடந்துச்சு" என்பார்கள். இப்படிச் சொல்கிறவர்கள் பொல்லாதவர்கள் இல்லை. அண்ணனை நேரில் பார்த்ததும் பதறிப்போய் வண்டியை எடுத்து, மன்னிப்பும் கேட்டுக்கொண்டு போனவர்கள் பலர். அவர்களுடைய நல்ல மனத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை; என் வருத்தமெல்லாம் அந்தக் 'காலி' என்ற எண்ணத்தின் மீதுதான்.

இதை நம் பகுதி மக்களுக்கு விளக்க நான் வெளியூர் உதாரணத்தைத் தேட வேண்டியதில்லை. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் வளவு எனப்படும் நடுமுற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது திருமணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும், உரிய அறை இருக்கிறது. அந்தப் புள்ளி சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். அறை ஆண்டு முழுவதும் பூட்டியே கிடக்கும். முன்னோரை வணங்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வீடு நிறைந்து, பங்காளிகளின் பிள்ளைகள் பட்டாலையில் பாய் விரித்துப் படுக்கும் நாளில்கூட, உரியவரைக் கேட்காமல் அந்த அறையின் பூட்டை யாரும் தொட மாட்டார்கள். காலியாகத்தானே கிடக்கிறது, ஐந்து நிமிடம் சாமான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. உரியவர் எந்த நேரம் வந்தாலும் கதவைத் திறந்து உள்ளே போக முடிய வேண்டும், அதற்காகத்தான் அது காலியாக இருக்கிறது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். இவ்வளவு நுட்பமான உரிமையுணர்வைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் நாம், நீல வண்ணம் பூசிய ஒரு துண்டு சிமெண்டுத் தரைக்கு மட்டும் அதை மறுப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வாயிற்காவலரை இதில் குறை சொல்வது நியாயமில்லை. "அவுக பெரிய எடத்து ஆளுக, நான் சொன்னா சங்கடமாயிரும்ணே" என்று அவர் அண்ணனிடம் மெல்லிய குரலில் சொன்னது அவருடைய நிலையிலிருந்து பார்த்தால் உண்மைதான். வண்டியை எடுக்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் தந்து, சொன்ன பிறகு அவர் பக்கம் நிற்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுமக்கள் வந்து போகும் தனியார் கட்டடங்களையும் உள்ளடக்கியது. ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களைச் சீர்செய்ய, விதிகள் வெளியான 2017 ஜூனிலிருந்து ஐந்து ஆண்டுக் காலம் தரப்பட்டது. அந்தக் காலமும் முடிந்துவிட்டது. தரையில் படம் வரைந்ததோடு கடமை தீர்ந்தது என்று எந்த நிர்வாகமும் கருத முடியாது.

மருத்துவமனையை விட்டு வீட்டுக்கு வந்தால், தெருவில் வேறு வகையான தொல்லை. நம் ஊர்களின் தெருக்கள் கட்டம் போட்டாற்போல நேராக அமைந்தவை. வீடுகளோ ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. இந்த அமைப்பை அறியாத வெளியூர்க்காரர்கள், பின்தெருவில் வரிசையாகத் தெரியும் மதில்களையும் சிறிய கதவுகளையும் பார்த்துவிட்டு, அங்கே யாரும் புழங்குவதில்லை என்று முடிவு செய்துகொள்கிறார்கள். வைகாசி, ஆவணி, தை என்று முகூர்த்த மாதங்களில் கல்யாண வீட்டுக்கு வரும் கார்கள் முன்தெரு நிறைந்ததும் பின்தெருவுக்குத் திரும்பி, ஒவ்வொரு பின்வாசலையும் அடைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் வீட்டின் முகப்புப் படிகள் உயரமானவை, நாற்காலி ஏறாது. பின்வாசலில்தான் சாய்தளம் போட்டிருக்கிறோம். அந்தக் கதவுக்கு நேராக ஒரு கார் நின்றால் அண்ணன் வெளியே போக வழியே கிடையாது. எங்கள் தெருவில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் ஆச்சிமார்கள் பலர். இரவு நேரத்தில் 108 ஆம்புலன்ஸ் வந்தால் எந்த வாசலுக்கு வரும், ஸ்ட்ரெச்சரை எந்த வழியாக எடுப்பார்கள் என்று வண்டியை நிறுத்துகிறவர் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு வளாகத்தின் நுழைவாயிலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்பது வாகனம் ஓட்டும் அனைவரையும் கட்டுப்படுத்தும் விதி. இதில் முன்வாசல், பின்வாசல் என்ற வேறுபாடு கிடையாது. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு உயர்த்தப்பட்ட அபராதத்தின்படி முதல் முறை 500 ரூபாயும், மீண்டும் செய்தால் 1500 ரூபாயும் வசூலிக்கலாம். ஆனால் கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி மீது யாரும் புகார் கொடுக்கப் போவதில்லை. நானும் கொடுக்க மாட்டேன். முன்கண்ணாடியில் தெரியும்படி ஒரு சீட்டில் கைபேசி எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போகும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அப்படிப்பட்ட கார் வாசலை மறித்தால்கூட எனக்குக் கோபம் வருவதில்லை, ஏனென்றால் அழைத்தால் அவர் ஓடி வருவார். சீட்டும் இல்லாமல், ஆளும் தெரியாமல், கதவுக்கு ஓரடி தள்ளி நிற்கும் காரோடு என்ன பேசுவது?

இத்தனையும் சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியவனாக மாட்டேன். வாசலுக்கு நேரே உள்ள வழியைக் கேட்பது வேறு, வீட்டின் முழு அகலத்துக்கும் தெருவைத் தமதாக்கிக்கொள்வது வேறு. காரைக்குடி 2024இல் மாநகராட்சியான பின் தெருக்களில் வண்டிகள் கூடிக்கொண்டே போகின்றன. அதற்கு ஈடாகக் கல், உடைந்த பூந்தொட்டி, பழைய டயர், இரும்புச் சங்கிலி என்று எதையாவது போட்டு இடம் பிடிக்கும் வழக்கமும் கூடுகிறது. மதிலில் 'நோ பார்க்கிங்' என்று எழுதி, கீழே 'மீறினால் டயர் பஞ்சர் செய்யப்படும்' என்றும் சேர்த்துவிடுகிறார்கள். தெரு பொது இடம். அதில் ஓர் இடத்தை ஒதுக்கும் உரிமை உள்ளாட்சிக்கும் காவல்துறைக்கும் உண்டே தவிர, வீட்டுக்காரருக்குக் கிடையாது. பிறர் வண்டியின் டயரைக் கிழிப்பது குற்றம். அதைச் சுவரில் எழுதி வைத்திருப்பதால் அது நியாயமாகிவிடாது. இவர்களால் நேரும் பெரிய கேடு வேறொன்று. ஆதாரமில்லாத பலகைகள் ஊரெல்லாம் பெருகியதால், உண்மையான தேவைக்காக வைக்கப்பட்ட பலகையையும் யாரும் மதிப்பதில்லை. எங்கள் பின்வாசலில் 'சக்கர நாற்காலி செல்லும் வழி' என்று எழுதியிருப்பதை, அதுவும் இடம் பிடிக்கும் தந்திரம் என்று நினைத்து ஒருவர் கடந்து போனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஊருணிக் கரைகளையும் கார் நிறுத்தும் திடலாக்கி வருகிறோம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கூரையிலும் தெருவிலும் விழும் மழைநீர் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேரும்படி முன்னோர் வகுத்த அமைப்பு, வண்டிகளின் எடையால் கரையும் கால்வாயும் அமுங்கும்போது அழிகிறது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கல்யாணம், மணிவிழா, படைப்பு நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பந்திக்கு எத்தனை இலை, எந்த ஊர்ச் சமையல்காரர் என்று மாதக்கணக்கில் முன்னதாகத் திட்டமிடுகிற நாம், எத்தனை கார் வரும், அவை எங்கே நிற்கும் என்று முதல் நாள் மாலைகூட யோசிப்பதில்லை. அருகிலுள்ள பொட்டலையோ பள்ளித் திடலையோ உரியவர்களிடம் கேட்டு வாங்கி, அந்த இடத்தை அழைப்பிலேயே குறிப்பிடலாம். தெருமுனையில் விவரம் தெரிந்த இளைஞர் இருவரை நிறுத்தலாம். மண்டபமாக இருந்தால், வாசலருகே ஓர் இடத்தைக் கயிறு கட்டி, நடக்க இயலாதவர்களுக்கென்று கடைசிவரை விட்டு வைக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டாலும் அதைத் தரக் கூடாது.

வரும் தை மாதம் எங்கள் வீட்டில் பங்காளிகள் கூடுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் போன வாரமே எழுதிவிட்டேன்: பின்தெருவில் எந்த வீட்டு வாசலிலும் நம் கார் நிற்கக் கூடாது, எல்லா வண்டிகளும் பொட்டலில்தான் நிற்க வேண்டும், பெரியவர்களை முகப்பில் இறக்கிவிட்டுப் போகலாம். பெரியப்பா மகன் ஒருவர் உடனே அழைத்து, பொட்டல் தூரமாயிற்றே, வெயிலில் நடக்க வேண்டுமே என்றார். நடக்க முடிந்தவர்கள் நடந்துதான் வர வேண்டும் அண்ணே என்று சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, பொட்டலில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்தத் தம் இரண்டு மகன்களையும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.