துக்க வீட்டுக்குச் சாப்பாடு

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கித்தா எனும் ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய் தரும் செம்பனை போட்டார்கள், அப்புறம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தையும் இடித்தார்கள். ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் இன்று நாலைந்து தாமான்களில் சிதறிக் கிடக்கிறோம். எங்களை மறுபடி சேர்த்து வைத்தது ஒரு சாப்பாட்டு வாட்ஸ்அப் குழு என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

2020 மார்ச் 18-ஆம் தேதி கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது கோயில் பக்கத்தில் கடை வைத்திருந்த அக்கா ஒருவர் ஆரம்பித்தது இது. வீட்டில் சமைக்கும் பெண்கள், மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் பையன்கள், ஒரு கைப்பேசி, அவ்வளவுதான். நான் காலையில் தோசையும் வெள்ளிக்கிழமையில் அரிசிச் சேமியாவான சைவ மீஹூனும் போடுகிறேன். முந்தின இரவே ஆர்டர் வந்துவிடும். வயதானவர்கள் எழுத மாட்டார்கள், பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். "தங்கச்சி, ரெண்டு தோசை, சட்னி காரம் கம்மியா, சாம்பார தனியா கட்டும்மா" என்று ஒரு பாட்டி சொல்லும்போது பின்னால் சேவல் கூவும். அந்தப் பதிவுகளை அழிக்க எனக்கு மனசே வராது.

சாப்பாடு கொண்டுவந்து தரும் பெரிய செயலிகள் கடைக்காரரிடம் நூற்றுக்கு முப்பது வரை எடுக்கின்றன. ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து ரிங்கிட், விற்கும் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கில் ஒன்றரை வெள்ளி போனால் சமைத்தவளுக்கு என்ன மிஞ்சும்? இங்கே பொட்டலத்துக்கு ஐம்பது காசு பொதுப் பணத்துக்குப் போகிறது. அதிலிருந்துதான் பையன்களுக்காகச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் சுயதொழில் திட்டத்துக்குக் கட்டுகிறோம். மழையில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் போகிற பிள்ளைகள், விழுந்தால் யார் பார்ப்பது?

மீதிப் பணம் துக்க வீடுகளுக்கு. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

லயத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அங்கே அடுப்பு எரியாது. பக்கத்து வீடுகளிலிருந்து சோறும் காப்பியும் தானாக வந்து சேரும், யாரும் கேட்க வேண்டியதில்லை. தாமானுக்கு வந்த பிறகு அது விட்டுப்போயிற்று. அடுத்த வீட்டுக்காரருக்கு நம்மைத் தெரியாது, சடங்கு முடியும்வரை கடையில் வாங்கித் தின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். இப்போது குழுவில் ஒரு வரி வரும், இன்னார் தவறிவிட்டார் என்று. உடனே ஒருவர் காப்பிக்குப் பிளாஸ்க் எடுப்பார், ஒருவர் ரசம் வைப்பார், பருப்புத் துவையல் என் பங்கு. கருமாதிவரை சைவம்தான், காரம் குறைவு. பையன்கள் வீடு வீடாக வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பார்கள். பில் கிடையாது.

2021-இல் சாப்பாட்டுக்கு இல்லாதவர்கள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டினார்கள், ஞாபகம் இருக்கும். கொடி கட்டக் கூச்சப்பட்ட வீடுகளும் இருந்தன. தினமும் வாங்குகிறவர் திடீரென்று நிறுத்தினால் அக்கா ஒரு பையனை அனுப்பி விசாரிப்பார். அந்தப் பழக்கம் இன்றுவரை இருக்கிறது. எந்தச் செயலி இதைச் செய்யும்?

காசு சேர்ப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் போட்ட சின்னச் சின்னத் தொகையில் தோட்டங்களையே வாங்கிக் காட்டினார். ஐம்பது காசு அற்பம் என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு மதியச் சோறு கொடுக்கப் பார்க்கிறோம். சமைக்க ஆள் உண்டு. தோட்டத்துப் பக்கம் போக மோட்டார் ஓட்டத்தான் இன்னும் இரண்டு பேர் வேண்டும். கோயில் பக்கம் வந்து அக்காவைக் கேளுங்கள், சொல்வார்.