கடைவாய்ப் பல்லுக்கு சீலன்ட்: எச்சிலோடு ஒரு மல்லுக்கட்டு

மகளின் கடைவாய்ப் பற்களுக்கு ஒருவழியாக சீலன்ட், அதாவது சூத்தை வராமல் பல்லின் பள்ளங்களை அடைக்கிற பசை, போட்டாயிற்று. வேலை என்று பார்த்தால் ஒரு பல்லுக்குச் சில நிமிடம்தான். ஊசி இல்லை, பல்லைக் குடைவதில்லை, வலியும் இல்லை. அந்தச் சில நிமிடத்துக்காகக் கொழும்பில் அலைந்த அலைச்சலையும் ரிசெப்ஷனில் நின்று கதைத்த கதைகளையும் நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இதே வேலைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்காவது உதவட்டும்.

தொடங்கி வைத்தது பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு துண்டு. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பாடசாலைப் பல் கிளினிக்கில் பார்த்துவிட்டு, அங்கிருந்த மிஸ் 16, 26, 36, 46 என்று நான்கு எண்களை எழுதி, பக்கத்தில் சிங்களத்தில் ஒரு வரியும் கிறுக்கி அனுப்பியிருந்தார். நான்கு பல்லும் சூத்தையாக்கும் என்று மாமி தலையில் கைவைத்துவிட்டார். அவை பற்களின் எண்கள். முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பதைச் சொல்லும். 6 என்றால் நடுவிலிருந்து எண்ணி ஆறாவது பல். ஆறு வயதளவில் நான்கு மூலையிலும் முளைக்கிற முதல் நிரந்தரக் கடைவாய்ப் பற்கள்தான் இவை. இந்தப் பற்களுக்கு சீலன்ட் போடுங்கள் என்பதுதான் அந்தச் சிங்கள வரி.

இவற்றைப் பால்பல் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் பல்லும் விழாமல், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்துவிடுவதால் அப்படி. "விழப்போற பல்லுக்கு ஏன் பிள்ளை காசைக் கொட்டுறாய்?" என்று மாமி கேட்டதும் அதனால்தான். இது விழாது மாமி, கடைசி வரைக்கும் இதுதான் என்றேன். "அப்ப நல்ல பல்லுக்கு ஏன் பிளாஸ்ரிக் பூசுறாய்?" என்று அடுத்த கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். இந்தப் பல்லின் மேற்புறத்தில் இருக்கிற பள்ளங்களும் கோடுகளும் பிரஷ்ஷின் ஒரு தும்பை விடவும் ஒடுக்கமானவை. எவ்வளவு தேய்த்தாலும் அடிவரைக்கும் போகாது. பிள்ளைகளின் நிரந்தரப் பற்களில் வருகிற சூத்தையில் பெரும்பங்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. பல் நல்லதாக இருக்கும்போதே அந்தப் பள்ளங்களை அடைத்துவிட்டால், கடைவாய்ப் பற்களில் வரக்கூடிய சூத்தையில் 80 சதவீதத்தை இரண்டு வருடத்துக்குத் தடுக்கலாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. நான்கு வருடம் வரைக்கும் பாதியளவாவது தடுக்கும் என்கிறார்கள். மாமி "சரி, உன்ர விருப்பம்" என்றதோடு வீட்டுக்குள் எதிர்ப்பு முடிந்தது. வெளியில்தான் தொடங்கியது.

பாடசாலைப் பல் கிளினிக்கில் இது இலவசம். மகரகமவில் பயிற்சி பெற்று வருகிற இந்தப் பாடசாலைப் பல் சிகிச்சையாளர்களின் கையால்தான் நம்மில் எத்தனையோ பேர் சின்ன வயதில் பல் அடைத்திருப்போம். அங்கேயே செய்துகொள்ளலாம் என்றுதான் முதலில் போனேன். சீலன்ட் பசையை இறுக வைக்கிற நீல லைட் பழுதாம், திருத்தக் கொடுத்திருக்கிறார்களாம், எப்போது வரும் என்று தெரியாதாம். மிஸ்ஸைக் குறை சொல்ல மாட்டேன். "காத்திருக்கலாம், ஆனால் இழுத்தடிக்க வேண்டாம், முளைத்த புதிதில்தான் இந்தப் பல்லுக்கு ஆபத்து அதிகம்" என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். வெளியில் செய்வதானால் கேட்க வேண்டிய ஒரு கேள்வியையும் சொல்லித் தந்தார்: "பல்லை எப்படி ஈரமில்லாமல் வைத்திருப்பீர்கள்?" அன்றைக்கு அதன் அருமை எனக்கு விளங்கவில்லை.

அப்புறம் காலி வீதியில் ஒரு தனியார் கிளினிக்கைப் பிடித்தோம். போனில் பேசிய பெண்ணிடம் சீலன்ட் என்றேன். "வலி இருக்கா?" இல்லை. "சூத்தை இருக்கா?" இல்லை. "அப்ப எதுக்கு வாறீங்க?" இதற்கு நான் என்ன பதில் சொல்ல? பிள்ளைக்கு ஏழு வயது, பள்ளிக்கூடத்தில் துண்டு தந்திருக்கிறார்கள், நான்கு பல்லுக்கு என்று திரும்பத் திரும்பச் சொல்லி, சனல் பண்ணி, அதாவது டொக்டரைப் பார்க்கக் காசு கட்டிப் பதிந்து, நம்பரும் வாங்கினேன். பள்ளிக்கூடம் விட்ட கையோடு யூனிஃபோமுடன் மகளை ஓட்டோவில் ஏற்றி, மழைக்குள் காலி வீதி நெரிசலில் ஊர்ந்து போய், அரை நாள் காத்திருந்து உள்ளே போனால், இருந்தவர் பல்லுக்கு வயர் போடுகிற டொக்டர். கிழமையில் ஒரு நாள் பின்னேரம் மட்டும் வருகிறவராம். "இது நான் செய்யிறதில்லையே, அம்மா, உங்களை யார் எனக்கு புக் பண்ணினது?" என்று அவர் என்னிடம் கேட்டார். ரிசெப்ஷனில் கேட்டால், சின்னப் பிள்ளை என்றபடியால் வயர் என்று நினைத்தார்களாம். சனலிங் காசைத் திருப்பித் தர ஏலாதாம், டொக்டர் பார்த்துவிட்டாராம். பார்த்தார் என்பது உண்மைதான். என்னைத்தான் பார்த்தார், பிள்ளையின் வாயை அல்ல.

ஆகவே சனல் பண்ணும்போது டொக்டரின் பெயரை மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். அவர் பிள்ளைகளுக்கு சீலன்ட் போடுகிறவரா என்று கேளுங்கள். காசு பல் ஒன்றுக்கா, நான்குக்கும் சேர்த்தா என்பதையும் அப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குப் போனில் சொன்ன விலை ஒரு பல்லுக்கு என்பது பில் கையில் வந்த பிறகுதான் தெரிந்தது.

மறுமுறை சரியான ஆளிடமே போய்ச் சேர்ந்தோம். இளம் டொக்டர், அவசரக்காரர். வேலையின் முறை எளிது: பல்லைத் துடைத்துச் சுத்தமாக்குவார்கள், நீல நிற ஜெல்லாக இருக்கும் பொஸ்பரிக் அமிலத்தைப் பூசி 15 முதல் 30 விநாடி விடுவார்கள், கழுவிக் காற்றடித்து உலர்த்துவார்கள், பல் சோக்கட்டி மாதிரி வெளிறிப் போகும், அதன் மேல் பசையை வைத்து, லைட் பிடித்து இறுக வைப்பார்கள். அமிலம் என்றதும் என் கணவர் பயந்துபோனார். அதன் வேலை பல்லின் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாக்குவது மட்டும்தான். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கத் தொழிற்சாலைகளில் செய்வதைப் பார்த்து, 1955இல் மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் பல்லில் பரீட்சித்த உபாயம் அது. இன்றைக்குப் பல் நிறத்தில் அடைக்கிற அடைப்புகளும் அதை நம்பித்தான் நிற்கின்றன.

ஆனால் அமிலம் பட்டு உலர்ந்த பல்லில் பசை வைக்கும் முன் ஒரு துளி எச்சில் பட்டாலும் பிடிப்பு போய்விடும். அதற்காகத்தான் கன்னத்துக்குள் பஞ்சுருளை, எச்சிலை உறிஞ்சும் குழாய், முடிந்தால் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கிற ரப்பர் விரிப்பு எல்லாம். எங்கள் டொக்டருக்கு அன்றைக்கு உதவியாள் இல்லை. ஒரு கையில் குழாய், மறு கையில் ஜெல். மகள் நாக்கை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. கீழ் வலப்பக்கப் பல்லைக் காற்றடித்து வெளிற வைத்ததும் நாக்கு போய் அதைத் தொட்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "டொக்டர், பட்டுட்டுது" என்றேன். "பரவாயில்லை" என்று பஞ்சால் ஒற்றிவிட்டு மேலே பசையை வைத்தார். ஈரச் சுவரில் பெயின்ட் அடித்த மாதிரிதான். துடைத்தால் போதாது, அமிலம் பூசுவதிலிருந்து திரும்பச் செய்ய வேண்டும் என்பதைப் பிறகு இன்னொரு டொக்டர் சொல்லித்தான் தெரியும்.

கொஞ்ச நாள் போக, "அம்மா, நாக்குக்கு ஏதோ குத்துது" என்றாள். போன் டோர்ச் அடித்துப் பார்த்தால் அந்தப் பல்லில் வெள்ளைப் படலத்தின் பாதியைக் காணோம். மற்றவை அப்படியே இருந்தன. பாதி பெயர்ந்ததை அப்படியே விடவும் ஏலாது, மூடியிராத பள்ளத்தில் சூத்தை வழக்கம்போல வரும்.

கிளினிக்குக்குப் போன் பண்ணினேன். பில்லைக் கொண்டு வரச் சொன்னார்கள். பில்லை எடுத்தால் வெறும் வெள்ளைக் கடதாசி! வெப்பத்தில் அச்சாகிற அந்த வழுவழுப்புக் கடதாசியில் எழுத்து முழுவதும் மங்கிப்போயிருந்தது. (சீலன்டில் பிபிஏ என்ற இரசாயனம் இருக்கிறது, பிள்ளைக்கு ஆகாது என்று எங்கள் வகுப்பு அம்மாமாரின் வட்ஸ்அப் குழுவில் ஒரு பெரிய கலவரமே நடந்தது. சில சீலன்ட்களிலிருந்து மிகச் சிறிய அளவு, அதுவும் போட்ட நேரத்தை ஒட்டி மட்டும் வெளிவரலாம்; மேற்பரப்பைப் பஞ்சால் துடைத்துக் கொப்பளிக்க வைத்தால் அதுவும் குறையும். இதே பிபிஏயை இந்த மாதிரி பில் கடதாசிகளிலும் பாவிக்கிறார்கள், அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.)

ரிசெப்ஷனில் அன்றைக்கு ஒரு நீண்ட வழக்கு. பில் இல்லாமல் பழைய பதிவைத் தேட ஏலாதாம். தேடினாலும் சீலன்டுக்கு உத்தரவாதம் இல்லையாம். பிள்ளை டொஃபி சாப்பிட்டிருப்பாளாம். மகளுக்கு முன்னாலேயே அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவளோ "நான் சாப்பிடேல்ல" என்று அழத் தொடங்கிவிட்டாள். என்னைக் காப்பாற்றியது என் கணவருடைய கம்பனி இன்சூரன்ஸ். காசு திரும்ப எடுக்கலாமா என்று பார்க்க, பில் வாங்கிய அன்றைக்கே அதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தேன். இன்சூரன்ஸில் ஒரு சதமும் கிடைக்கவில்லை. ஆனால் படம் இருந்தது. திகதி, பில் இலக்கம், பல் எண்கள் உட்பட எல்லாம் துலக்கமாக. போனை மேசையில் வைத்தேன். இரண்டு நிமிடத்தில் பழைய பதிவு கிடைத்துவிட்டது.

உள்ளே இருந்த மூத்த பெண் டொக்டரிடம் அனுப்பினார்கள். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை, பல்லைப் பார்த்தார். "ஈரம் பட்டிருக்கு, இது பிள்ளையில பிழை இல்ல" என்றார். மகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! காசு எடுக்க வேண்டாம் என்று ரிசெப்ஷனுக்கும் சொல்லிவிட்டார். உதவியாள் ஒருவரைக் கூப்பிட்டுக் குழாயைப் பிடிக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் பஞ்சுருளை வைத்து, நனைய நனைய மாற்றி, திரும்ப ஜெல்லிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு படியிலும் எண்ணச் சொன்னதால் மகள் எண்ணுவதில் மும்முரமாகி நாக்கை மறந்துவிட்டாள். முடிந்ததும் கூரான கருவியால் விளிம்பைக் கிளறிப் பார்த்து, பெயரவில்லை என்று எனக்கும் காட்டினார். பெயர்ந்தது பள்ளிக்கூடத்திலோ வீட்டிலோ தெரியவருவதற்கு முதல், கதிரையிலேயே தெரிந்துகொள்கிற சோதனை அது. முதல் தடவை யாரும் செய்யவில்லை. நீங்கள் கேட்டுச் செய்வியுங்கள்.

மற்றப் பற்களையும் பார்த்தவர், மேல் இடப்பக்கப் பல் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை, பின்பக்கத்தில் முரசு மூடியிருக்கிறது என்றார். அந்த நிலையில் உலர்த்துவது கஷ்டம், போட்டிருக்கும் பசை அதிக நாள் நிற்காதாம். ஈரத்தை ஓரளவு தாங்குகிற, ஃப்ளோரைடு வெளிவிடுகிற கிளாஸ் அயனோமர் என்ற வேறொரு பொருளை அதற்கு இப்போதைக்குப் பூசினார். அது சீக்கிரம் தேய்ந்துவிடும். பல் முழுதாக வந்ததும் வழக்கமான சீலன்டைப் போடலாமாம். முளைத்து முடியாத பல்லுக்கும் காசை வாங்கிக்கொண்டு பசையை வைத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இவ்வளவும் செய்த பிறகும் பிரஷ்ஷை விட ஏலாது. சீலன்ட் காப்பது மேற்புறத்துப் பள்ளங்களை மட்டும்தான். இரண்டு பல்லுக்கு நடுவில் வருகிற சூத்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃப்ளோரைடு பற்பசை, இரவில் படுக்க முதல் கட்டாயம் ஒரு தடவை, துப்பியதும் தண்ணீர் விட்டு அலசாமல் விடுவது என்று மூத்த டொக்டர் மகளிடமே பொறுப்பைக் கொடுத்துவிட்டார். பாடசாலைப் பல் கிளினிக்கில் லைட்டும் திருத்தி வந்துவிட்டது. மிஸ் கருவியால் கிளறிப் பார்த்து "ஹொந்தாய்" (நல்லது) என்று சொல்லி, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொன்னார். 12 வயதளவில் அடுத்த கடைவாய்ப் பற்கள் வரும்போது நேரே தன்னிடமே கூட்டிவரச் சொல்லி இருக்கிறார்.

மேல் இடப்பக்கப் பல் இப்போது முழுதாக வந்துவிட்ட மாதிரித் தெரிகிறது. மூத்த டொக்டருக்கே சனல் பண்ண நேற்றுப் போன் பண்ணினேன். "வலி இருக்கா?" என்று கேட்டார்கள்.