வாய் வறண்டுட்டா குழல் பேசாது

2023 விஜயதசமிக்கு எங்க புல்லாங்குழல் கிளாஸ்ல சின்னதா ஒரு நிகழ்ச்சி, மொத்தமே அறுபது பேர்தான், அதுல பாதிப்பேரு பசங்களோட அம்மா அப்பா. நான் போய் உக்காந்து குழலை உதட்டுல வச்சேன், வெறும் காத்துதான் வருது, ஸ்வரம் வரல. ஹம்சத்வனி ராகம்ங்க, ச ரி க ப நி, அஞ்சே ஸ்வரம், வீட்ல தினமும் வாசிக்கிறது. ரெண்டு ஆவர்த்தனம், அதாவது ரெண்டு தாளச் சுத்து கூடத் தாண்டல, எழுந்து வந்துட்டேன். அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

எனக்கு 41 வயசு, கிருஷ்ணகிரி பக்கத்துல மாங்கூழ் ஃபேக்டரில வேலை, குழலை எடுத்ததே 35 வயசுல. மாங்கா சீசன்ல ஷிஃப்ட் மேல ஷிஃப்ட் ஓடும், குழலைத் தொடவே நேரம் இருக்காது. அதனால நமக்கு பிராக்டிஸ் பத்தல, அவ்ளோதான்னு நெனச்சு அடுத்த நாலு மாசம் கதவைச் சாத்திக்கிட்டு வாசிச்சுத் தள்ளினேன். சிவராத்திரிக்கு ஒரு இடத்துல உக்காந்தா மறுபடியும் அதே கதைதான்.

பயம் வந்தா உடம்புல அட்ரினலின் ஏறுது, நெஞ்சு அடிச்சுக்குது, எச்சில் சுரக்கறது குறையுது, மூச்சு வயித்துல இருந்து மேல ஏறி துண்டு துண்டா ஆயிடுது. வயலின்காரங்களுக்கு வில்லு நடுங்கும், அதுவும் கஷ்டம்தான், ஆனா குழலுக்கு உதடும் மூச்சும்தான் எல்லாமே, ரெண்டும் ஒரே நேரத்துல போயிடுது. உதடு காஞ்சு இறுகிடுச்சுன்னா காத்து ஒரு கோடா போகாம பரவிடும், அப்புறம் எங்க இருந்து நாதம் வரும்?

எங்க மாஸ்டர்கிட்ட சொல்லி அழாத குறைதான். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "அமைதியா இருக்கும்போதுதான் வாசிச்சுப் பழகியிருக்க, நெஞ்சு அடிச்சுக்கும்போது என்னைக்காவது வாசிச்சிருக்கியாப்பா?"

அந்த ஞாயித்துக்கிழமையே கிருஷ்ணகிரில இருக்கற சையத் பாஷா மலைக்குப் போனேன். வேகமா படி ஏறி, மூச்சு வாங்குதுல்ல, அப்படியே பாறை மேல உக்காந்து குழலை எடுத்துட்டேன். முதல் வாரம் சட்ஜமே, அதான் முதல் ஸ்வரமான 'ச', நிக்கல. மூச்சை இழுக்கறதை விட விடறதை நீளமா விட்டா இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும், குழல்ல கார்வை பிடிக்கறதும், அதாவது ஒரே ஸ்வரத்தை நீளமா நிறுத்தறதும் அதேதானே, அதனால நீளமா ஒரு சட்ஜம், அப்புறம் பஞ்சமம், அதான் 'ப', இப்படித்தான் ஆரம்பிச்சேன். ஆறேழு வாரத்துல மூச்சு வாங்கும்போதே சரளிவரிசை, அதான் ஆரம்பப் பாடம், தெளிவா வந்துச்சு. அப்புறம் கேஆர்பி டேம், அதான் கிருஷ்ணகிரி அணை பார்க்ல உக்காந்து வாசிச்சேன். மீன் வறுவல் சாப்பிட வர்ற கூட்டம், யாருன்னே தெரியாதவங்க, குழந்தைங்க பக்கத்துல வந்து நின்னு பாக்கும். வீட்டு ஆளுங்க முன்னாடி வாசிக்கறதை விட இது எனக்கு ரொம்ப உதவுச்சு.

நடுவுல ஒருத்தர் மாத்திரை போட்டுக்கச் சொன்னார், ப்ரொப்ரனலால். வெளிநாட்டு ஆர்க்கெஸ்ட்ராவுல நிறைய பேர் போடறாங்க, படபடப்பும் நடுக்கமும் குறையும், உண்மைதான். ஆனா எனக்கு வீசிங் இருக்கு, ஆஸ்துமாக்காரங்களுக்கு அந்த மாத்திரை மூச்சுக்குழலையே சுருக்கிடும். தயவுசெஞ்சு யாரும் டாக்டரைக் கேக்காம இதை வாங்கிப் போட்டுடாதீங்க.

அமெரிக்கப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் 1967ல நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல பாடும்போது வரி மறந்து போய், அந்தப் பயத்துல பல வருஷம் டிக்கெட் கச்சேரியை ஒதுக்கியே வச்சிருந்தாங்க. அவ்ளோ பெரிய பாடகிக்கே அப்படின்னு படிச்சப்ப மனசு கனமாயிடுச்சு, கூடவே எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லன்னும் புரிஞ்சுது.

இந்த மார்கழில எங்க தெரு பிள்ளையார் கோயில்ல காலை அஞ்சரைக்கு வாசிக்கக் கூப்பிட்டாங்க. நம்ம ஊர் மார்கழிப் பனி தெரியும்ல, குழல் குளிர்ந்து கிடந்தா சுருதி இறங்கிடும், அதனால கிளம்பும்போதே ஸ்வெட்டருக்குள்ள வச்சுக்கிட்டேன், வெந்நீர் ஒரு ஃபிளாஸ்க். உக்காந்ததும் நெஞ்சு அதே மாதிரி அடிச்சுது, துளிகூட குறையல. ஆனா இது மலை மேல ஏறின மூச்சுதானேன்னு உடம்புக்குத் தெரிஞ்சிருந்துச்சு. வேகமான பாட்டு எதையும் தொடாம, நீளமா சட்ஜம் பிடிச்சு மெதுவா ஆலாபனை. மோதிர விரல் நடுங்கி ஒரு இடத்துல நிஷாதம், அதான் 'நி', நழுவுச்சு, மிருதங்கம் வாசிச்ச தம்பி என்னைப் பாத்து தலையாட்டினான், போயிட்டே இருந்தேன். இருபது நிமிஷம். முழுசா.

பொங்கல் வாங்கிட்டு வரும்போது ஒரு பாட்டி "நாளைக்கும் ஊதுவியா கண்ணு"ன்னு கேட்டாங்க, மாசம் முழுக்க போனேன்.

தைப்பூசத்துக்கு தர்மபுரில ஒரு இடத்துல கூப்பிட்டிருக்காங்க. அங்க மைக் உண்டு, நம்ம மூச்சு சத்தமே ஸ்பீக்கர்ல திரும்பக் கேக்கும், எனக்கு அது புதுசு. ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர் இரவல் வாங்கி, மொட்டை மாடிக்கு மூணு தடவை ஏறி இறங்கிட்டு, மைக் முன்னாடி உக்காந்து வாசிச்சுட்டு இருக்கேன்.