அடிபட்ட பிள்ளைக்கு வயது கூடுமா? எதை அளக்கிறார்கள் என்று பார்ப்போம்

‘சிறுவயதில் வன்முறைக்கு ஆளானவர்களின் உடம்பு சீக்கிரம் மூப்படைகிறது’ என்று அவ்வப்போது செய்தி வருகிறது. பொய்யில்லை. ஆனால் எந்த மாதிரிக் கஷ்டம், எந்த அளவுகோலில் அளந்தார்கள் என்ற இரண்டையும் விட்டுவிட்டால் அந்த வாக்கியத்தில் மிச்சம் ஒன்றுமில்லை.

கஷ்டங்களைக் கூட்டி மதிப்பெண் போடும் பழக்கம் 1998இல் அமெரிக்க மருத்துவர்கள் பெலிட்டி, ஆண்டா இருவரும் சான் டியாகோவில் நடத்திய ஆய்விலிருந்து பரவியது. அடி, பாலியல் கொடுமை, அம்மா அடிவாங்குவதைப் பார்த்தது, வீட்டில் குடிநோயாளி இருந்தது என ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். பின்னாளில் வரும் நோய்களோடு அந்தக் கூட்டல் நன்றாகவே பொருந்தியது. மூப்புக்குத்தான் அது போதவில்லை. 2020இல் நடாலி காலிச், கேட்டி மெக்லாஃப்லின் குழுவினர் சுமார் 80 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, உயிருக்கு அச்சம் தரும் அனுபவங்களைத் தனியாகவும், கவனிப்பாரில்லாமல் கிடந்ததைத் தனியாகவும், வறுமையைத் தனியாகவும் பிரித்துப் பார்த்தார்கள். சீக்கிரம் பருவமடைவதோடும் செல் அளவிலான மூப்போடும் தொடர்பு காட்டியது முதல் வகை மட்டுமே. புறக்கணிப்பும் வறுமையும் அப்படிக் காட்டவில்லை. அவை தீங்கில்லை என்று இதற்கு அர்த்தமல்ல. அவற்றின் பாதிப்பு வேறு வழியில் போகிறது. இந்தத் துறையில் உருப்படியான திருப்பம் இதுதான் என்பேன்.

அளவுகோலுக்கு வருவோம். முதலாவது டெலோமியர்: குரோமோசோமின் முனைகளில் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறெழுத்து டி.என்.ஏ. தொடர் ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வரும் பகுதி. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் கொஞ்சம் குறையும். தொடர்ந்த பயத்தில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலும் அழற்சியும் கூடுகின்றன. நோயெதிர்ப்பு செல்கள் அதிகம் பிரிகின்றன. ‘ஜி’ எழுத்து நிறைந்த பகுதி ஆக்சிஜனேற்றச் சேதத்துக்கு எளிதில் ஆளாகும் என்பதால் தேய்மானம் இன்னும் வேகமாகிறது.

இங்கிலாந்து, வேல்ஸில் 1994-95இல் பிறந்த இரட்டையர்களைப் பின்தொடரும் ஆய்வில், இடான் ஷாலெவ் குழு 236 குழந்தைகளின் கன்ன உட்புறச் செல்களை 5 வயதிலும் 10 வயதிலும் எடுத்தது. குடும்ப வன்முறை, சக பிள்ளைகளின் கொடுமை, பெரியவர்களின் அடி ஆகிய மூன்றில் இரண்டையோ மூன்றையுமோ அனுபவித்தவர்களுக்கு அந்த ஐந்தாண்டில் டெலோமியர் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. பாலினம், குடும்ப வசதி, உடல் எடை வேறுபாடுகளைக் கணக்கில் கொண்ட பிறகும் அது மாறவில்லை. ஒரே குழந்தையை இரண்டு முறை அளந்ததுதான் இதன் பலம். பிறவியிலேயே ஆளுக்கு ஆள் டெலோமியர் நீளம் வெகுவாக மாறும். ஒரே ஒரு முறை அளந்து, ‘குட்டையாக இருக்கிறது, ஆகவே தேய்ந்தது’ என்று எழுதும் கட்டுரைகளை நான் அதிகம் நம்புவதில்லை.

அளப்பதிலும் சிக்கல் உண்டு. பெரும்பாலும், டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறையில் டெலோமியர் அளவை, ஒரே நகல் கொண்ட வேறொரு மரபணுவின் அளவால் வகுக்கிறார்கள். டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் முறை மாறினால் விடையும் மாறும். எச்சிலில் வெள்ளணுவும் கன்னச் செல்லும் கலந்திருக்கும். அந்த விகிதம் மாறினாலும் அப்படித்தான்.

இரண்டாவது, டி.என்.ஏ.மீது ஒட்டி, மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்யும் என்பதை மாற்றக்கூடிய சிறு வேதிக்குறிகளான மெத்தில் குறிகளை வைத்து வயது சொல்லும் ‘கடிகாரம்’. ஸ்டீவ் ஹார்வத் 2013இல் வெளியிட்டது 353 இடங்களைப் பார்க்கிறது. அவற்றில் 85 இடங்கள் கார்ட்டிசால் ஏற்பி (கார்ட்டிசாலைப் பிடித்துக்கொள்ளும் செல் புரதம்) வந்து ஒட்டும் பகுதிகளில் விழுகின்றன என்று 2015இல் சன்னாஸ் குழு காட்டியது. மன அழுத்தம் இந்தக் கடிகாரத்தைத் தொடக்கூடிய வழி அங்கே இருக்கிறது. 2022இல் வந்த ‘டனீடின்பேஸ்’ (DunedinPACE) என்ற மெத்தில் அளவீடு வேறு ரகம். வயதைச் சொல்லாமல் வேகத்தைச் சொல்லும்: ஒன்று என்றால் ஓராண்டுக்கு ஓராண்டு மூப்பு.

இங்கே ஆளைக் கவிழ்ப்பது சிகரெட். வன்முறைக்கு ஆளானவர்களில் புகைப்பவர்கள் அதிகம். புகை மெத்தில் குறிகளை வலுவாக மாற்றும். மேலே சொன்ன அதே இரட்டையர் ஆய்வில் 18 வயதில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, பல கொடுமைகளைச் சேர்த்துக் கணக்கிட்டதில் டி.என்.ஏ.வின் சில இடங்களில் வேறுபாடு தெரிந்தது; புகைப்பழக்கத்தைக் கணக்கில் சேர்த்ததும் அது நிற்கவில்லை (2018). ஆகவே ஒரு கட்டுரை கையில் கிடைத்தால் முதலில் புகையைக் கணக்கில் சேர்த்தார்களா என்று பாருங்கள். அடுத்து, ரத்தமா எச்சிலா. செல் விகிதத்தைச் சரிசெய்தார்களா. எத்தனை முறை அளந்தார்கள்.

காசு கொடுத்து ‘உயிரியல் வயது’ சோதனை செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு: ஒரே ரத்த மாதிரியை இரண்டு முறை ஓட்டினாலே பழைய கடிகாரங்களில் 9 ஆண்டு வரை வித்தியாசம் வந்திருக்கிறது. நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியில் இந்தப் பிழை அடங்கிவிடும். ஒருவருடைய ரிப்போர்ட்டில் அடங்காது.